எவந்தியாவின் நாலு புள்ளிச் சீவாளி

யானினா நகரத்து ஏரிக்கரையில் கிளாரினெட் ஊதுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை, தெருவுக்கு நாலு பேர். அந்தக் கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் நாணல் சீவாளியைப் பழக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் மட்டும் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். அந்த வீட்டில் ஊதுகிறவன் தீமியோஸ். பழக்குகிறவள் அவன் பெண்டாட்டி எவந்தியா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். சுரம் எழுதிய தாளைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த நாணல் பட்டையை உதட்டில் வைத்த மாத்திரத்தில் அது எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லிவிடுவாள். இசைப்பள்ளியில் பட்டம் வாங்கிய எத்தனை பேருக்கு இது வரும்?

தீமியோஸுக்குப் பொறுமை என்பதே கிடையாது. புதுச் சீவாளியை முதல் நாளே இரண்டு மணி நேரம் ஊதுவான். மூன்றாம் நாள் அது நமத்துப்போன அப்பளம். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் அந்த வேலையைக் கையில் எடுத்தாள். பத்துச் சீவாளி உள்ள பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நடுவில் தெரியும் நிழல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்தால் வைத்துக்கொள்வாள், கோணினால் தூர எறிவாள். முதல் நாள் ஐந்து நிமிஷம், மறுநாள் எட்டு. அதற்கு மேல் ஒரு மூச்சுகூட ஊதமாட்டாள். ஆற்றோரத்தில் முளைக்கும் சொரசொரப்பான ஒரு புல்லைக் காயவைத்து, விறைப்பான இடத்தை மட்டும் அதனால் லேசாகத் தேய்ப்பாள். தேறியதன் அடியில் அதன் தரத்துக்கு ஏற்பப் பென்சிலால் புள்ளி வைப்பாள். நாலு புள்ளி வாங்குவது பத்தில் ஒன்றுதான்.

இவளே ஒரு தடவை சறுக்கினாள். மலைமேல் உள்ள மவ்ரோலிதி பெரிய ஊர். ஆகஸ்ட் திருவிழாவுக்கு அவர்கள் ஒரு கிளாரினெட்காரனைப் பிடித்துவிட்டால் ஆயுசுக்கும் விடமாட்டார்கள். பழைய ஆள் ஆஸ்திரேலியாவில் உள்ள மகன் வீட்டுக்கே போய்விட்டதால் தீமியோஸைக் கூப்பிட்டார்கள். அங்கே முதலில் செத்தவர்களுக்கு ஒப்பாரி ஊத வேண்டும், அதன் பிறகுதான் யாரும் காலை எடுத்து ஆடுவார்கள். ஏரியின் ஈரக்காற்றில் பழகிய சீவாளி மலையின் வறண்ட காற்றில் காய்ந்து வளைந்துவிட்டது. ஒப்பாரியின் நடுவில் கிளாரினெட் வாத்து மாதிரி கத்தியது. முதல் ஆட்டத்தை நடத்தும் கித்சோஸ் கிழவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு வருஷம் பார்ப்போம், அதோடு சரி என்று ஊர்த்தலைவர் சொல்லி அனுப்பினார்.

தீமியோஸ் சீவாளி விற்ற கடைக்காரனைத் திட்டினான். எவந்தியா யாரையும் திட்டவில்லை. தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

மறு வருஷம் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்பே, பிரிக்காத பெட்டியோடும் ஒரு பழைய கிளாரினெட்டோடும் தனியாக மலைக்குப் பஸ் ஏறினாள். கோயிலை ஒட்டிய அறையில் தங்கினாள். காலையும் மாலையும் ஊற்றடியில் உட்கார்ந்து ஊதினாள். பாட்டெல்லாம் இல்லை, ஒரே நீண்ட சுரம். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் கித்சோஸ் கைத்தடியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, புருஷன் கத்தினது போதாதுன்னு நீ வேற வந்துட்டியா?"

"அவரு கத்தல மாமா, சீவாளிதான் கத்துச்சு. உங்க ஊர்க் காத்து அதுக்குப் புதுசு."

"சீவாளிக்குக் காத்து வேறயா?"

"உங்க ஊரு பாலாடைக்கட்டிய எங்க ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தா பூசணம் புடிக்குதுல்ல? அது மாதிரிதான். இங்கேயே வளரட்டும்னு கூட்டியாந்திருக்கேன்."

கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போனார். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

திருவிழா அன்று மத்தியானம் தீமியோஸ் மேளக்காரர்களோடு வந்து இறங்கினான். பத்தில் தேறியவை இரண்டு. ஒன்றில் மூன்று புள்ளி, நல்ல சத்தம். ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று அவன் அதைத்தான் எடுத்தான்.

"அது ஆட்டத்துக்கு. ஒப்பாரிக்கு இது" என்று எவந்தியா நாலு புள்ளி வைத்த மற்றதை நீட்டினாள்.

"எனக்கு ஊதத் தெரியாதா?"

"ஊதத் தெரியும். பொறுத்திருக்கத்தான் தெரியாது. புடி."

சதுக்கத்துப் பெரிய மரத்தடியில் ஒப்பாரி தொடங்கியது. அடுத்த மலைச்சரிவிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி மெல்ல எழுந்தது கிளாரினெட்டின் குரல். போன வருஷம் முறிந்த இடம் வந்தபோது எவந்தியா தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முறியவில்லை. அந்த இடத்திலேயே நின்று நீண்டு, தானாகக் கரைந்தது. கித்சோஸ் எழுந்து, ஆட்டத்தில் வீசும் கைக்குட்டையை உருவினார்.

அடுத்த வருஷத்துக்கு உறுதி சொல்ல ஊர்த்தலைவர் தீமியோஸிடம் கை நீட்டிக்கொண்டு வந்தார். கித்சோஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்து எவந்தியா பக்கம் திருப்பினார்.

"கைய அங்க குடு. இவன் திருவிழா அன்னிக்கு வந்தாப் போதும். அந்தப் பொண்ணு எட்டு நாள் முன்னாடியே வரணும்."

தீமியோஸ் மூன்று புள்ளிச் சீவாளியை வாயில் ஊறப்போட்டிருந்தான். பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான். எவந்தியா விரலில் ஒட்டியிருந்த நாணல் தூளைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கையைக் கொடுத்தாள்.