யானைக்குட்டியின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

நான் தூசி துடைத்துப் பிழைத்தவள். இப்படிச் சொன்னால் யார் வீட்டிலோ வேலைக்கு நின்றேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். சொந்த ஊர்க்காரர்களிடம் விளக்கி விளக்கியே எனக்கு வாய் வலித்துவிட்டது. பழைய கார்ட்டூன் படங்களின் பிலிமில் ஏறிய தூசி, கீறல், பூஞ்சைக் கறை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வைத்து ஒவ்வொரு பிரேமாகத் துடைத்து, டிவிடி போடுவதற்குத் தகுந்த மாதிரி ஆக்கித் தரவேண்டும். அதுதான் என் வேலை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

துடைக்கப் பழகியது பிலிமில் அல்ல, போட்டோவில். 2004 கடைசியில் கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது கருங்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் கடைக்கு வந்ததெல்லாம் நனைந்த படங்கள்தான். கல்யாண ஆல்பம், பிள்ளைகள் கோவிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைப் படம், வளைகுடாவுக்குப் போக எடுத்த பாஸ்போர்ட் படம். உப்புப் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். எங்கள் ஊர் இனயத்திலிருந்து பின்வீட்டு மாமியும் ஒரு படத்தோடு வந்தாள். அவளுடைய ஒரே மகன் அதற்குச் சில வருடங்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனவன். படம் ஒன்றுதான் மிச்சம். அதையும் கடல் தேடி வந்து நனைத்துவிட்டுப் போயிருந்தது.

ஸ்டுடியோக்காரர் அந்தப் படத்தைத் தாமே துடைத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். நல்ல சுத்தமாக இருந்தது. மாமி இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இது எனக்க மோன் இல்ல மக்களே. செத்துக் கெடக்குதவனுக்க படமாக்கும் இது."

கடையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மூக்கு அதே மூக்கு, மீசை அதே மீசை. நான் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழையதில் கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது, படம் எடுத்தபோது விழுந்த வெளிச்சம். உப்புப் பொரியோடு பொரியாக அதுவும் துடைபட்டுப் போயிருந்தது. இரண்டு கண்ணிலும் புள்ளியைத் திரும்ப வைத்து, மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மாமி பார்த்தாள். படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சந்தோஷத்திலும் அப்படி ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு நாகர்கோவிலில், வடசேரியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இந்தத் துடைக்கும் வேலை ஆரம்பித்தது. சென்னையில் ஒரு கம்பெனி பழைய படங்களின் உரிமையை வாங்கி, பிலிமை ஸ்கேன் செய்து, ஹார்ட் டிஸ்கில் பார்சலாக அனுப்பும். நாங்கள் ஆறு பெண்கள். மேலே ஒரு மேனேஜர் சார். தேரூர்ப் பக்கத்து வயல்காரக் குடும்பம், எதையும் இரண்டு தடவை செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியவர் திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நல்ல மனுஷர்.

முதலில் வந்தது ஒரு யானைக்குட்டிப் படம். ரொம்பப் பழையது, ஒவ்வொரு பிரேமும் யாரோ கையால் வரைந்து வர்ணம் பூசியது. குட்டியின் தாய் காட்டில் விழுந்து இறந்துபோகும், குட்டி தனியாக அலையும், கடைசியில் ஒரு கூட்டத்தில் சேரும். கதை அவ்வளவுதான். சென்னைக்காரர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இது சோதனைப் படம். பிடித்திருந்தால் மிச்சப் படங்கள் எல்லாம் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும். அதாவது, எங்கள் மாடி அறைக்குப் பூட்டு. எனக்கு இந்த வேலை இல்லையென்றால் குவைத்தில் இருக்கும் அண்ணன் விசா அனுப்பத் தயாராக இருந்தான், யாரோ வீட்டில் பிள்ளை பார்க்க. அந்தத் தூசி துடைக்க எனக்கு விருப்பமில்லை. இந்த அறை எனக்கு வேண்டும்.

தூசியைப் பிடிக்க ஒரு மென்பொருள் உண்டு. ஒரு பிரேமில் ஓரிடத்தில் தலைகாட்டி அடுத்ததில் அங்கே இல்லாமல் போகும் வெள்ளைப் புள்ளியெல்லாம் அதற்குத் தூசி, அசையும் கண்ணின் வெளிச்சம்கூட. முக்கால்வாசி சரியாகத்தான் பிடிக்கும். மிச்சத்தை நாங்கள் கையால் எடுப்போம். எங்களில் ஒருத்தி மயிலாடிக்காரி. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் சிற்பிகள், அவர்கள் பட்டறையில் எப்போது போனாலும் நாலு சாமி பாதி உடம்போடு நிற்கும். அவள்தான் முதல் நாளே சொன்னாள்.

"யக்கா, எங்க வீட்டுல செலைக்குக் கண்ணு கடைசியிலதான் தொறப்பாவ. அதுவும் ஒரே ஆளுதான். நாமளும் அப்படியே வச்சுக்கிடுவோம்."

எனக்கு உடனே பிடித்துப்போனது. மாமியின் மகன் எனக்கு மறக்கவில்லையே. எல்லாக் காட்சியிலும் கண்களுக்கு மேல் ஒரு மறைப்புப் போட்டோம். மறைப்பு இருக்கும் இடத்தை மென்பொருள் தொடாது, நாங்களும் தொடமாட்டோம். உடம்பு, காடு, வானம், மழை எல்லாம் முடிந்தபின் மறைப்பை எடுத்துவிட்டுக் கண்ணைக் கையால் பார்ப்பது என்று ஏற்பாடு. சிரிப்பாகத்தான் இருக்கும். அறை முழுக்க கண்கட்டிய யானைகள் நடந்துகொண்டிருந்தன.

மறைப்பை எல்லாம் எடுத்து முடித்த மறுநாள் எங்கள் ஊர்த் திருவிழாக் கொடியேற்று. கொடியேறுகிற அன்று கடற்கரையில் வள்ளமும் இறங்காது, வேலைக்கும் யாரும் போகமாட்டோம். நான் லீவு. மேனேஜர் சார் பார்த்தார். பார்சல் அனுப்பும் நாள் நெருங்குகிறது, சும்மா இருப்பானேன் என்று படத்தைத் தலையிலிருந்து வால்வரை இன்னொரு தடவை மென்பொருளில் ஓட்டிவிட்டார். நெல்லைத் தூற்றி முடித்த பிறகும் இன்னொரு தடவை தூற்றுகிற பழக்கம் அவருக்கு. கண்ணில் மறைப்பு இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. மற்ற பெண்கள் ஒவ்வொரு பிரேமாகப் பார்த்தார்கள். கண்ணில் எடுக்கத் தூசியே இல்லை! வேலை மிச்சம் என்று சந்தோஷமாகச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் திரும்பி வந்த மூன்றாம் நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. சார் பேசப் பேச முகம் கறுத்துக்கொண்டே போனது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"கிளீனிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா குட்டி செத்த மாதிரி நடக்குது சார். பார்க்கவே என்னவோ மாதிரி இருக்கு. என்ன பண்ணீங்க? இதை நாங்க ஹைதராபாத்துக்கு அனுப்பிடலாம்னு இருக்கோம்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்களிடமிருந்த பிரதியை முதல் தடவையாக ஓடவிட்டுப் பார்த்தேன். வெளிச்சம் இல்லாத இரண்டு கறுப்புக் குழியோடு அந்தக் குட்டி தண்ணீரில் துள்ளி விளையாடியது. சாரின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"சார், கண்ணுல வெளிச்சம் போயிருச்சு. வேற ஒண்ணும் இல்ல. ஒரு வாரம் குடுங்க. வச்சுத் தாறோம்."

"ஒரு வாரத்துல முடியுமா மேடம்?"

"முடியும்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கும் தெரியாது. முடியும் என்பது மட்டும் தெரியும்.

சுத்தம் செய்யாத ஸ்கேன் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் கண் இருக்கிறது, புள்ளியும் இருக்கிறது, கூடவே தூசியும் இருக்கிறது. எது எது என்று பிரிப்பதுதான் வேலை. முதலில் ஆறு பேருமாகக் காட்சிகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு காட்சியை ஓடவிட்டுப் பார்த்தால் குட்டியின் கண் கள்ளு குடித்தவன் கண் மாதிரி உருண்டது. ஒருத்தி புள்ளியை ஒரு மயிரிழை மேலே வைத்திருந்தாள், இன்னொருத்தி பெரிதாக வைத்திருந்தாள். மயிலாடிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒரே ஆளுதான்னு நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டியளா?"

"சரி ஏட்டி, நாக்கை அடக்கு" என்று சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். மற்றவர்கள் சுத்தம் செய்யாத ஸ்கேனிலிருந்து கண் பாகத்தை வெட்டி வரிசையாக அடுக்கித் தருவார்கள். நான் புள்ளியை மட்டும் பொறுக்கி வைப்பேன். தூசி நிலையில்லாதது, எங்கே வேண்டுமானாலும் குதிக்கும். வெளிச்சம் அப்படியல்ல, விழியோடு போகும், விழியோடு திரும்பும். வரைந்தவர் யாரோ தெரியாது. ஆனால் சூரியன் எந்தப் பக்கம் என்று அவர் ஒரு இடத்தில்கூட மறக்கவில்லை. காலையில் புள்ளி இடப்பக்கம், சாயங்காலம் வலப்பக்கம். மழைக்காட்சியில் சின்னதாகி மங்கும். இரண்டு நாளில் அவர் அடுத்து எங்கே வைத்திருப்பார் என்பது பார்க்கும் முன்பே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. என் வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு ஆசையோடு நான் செய்ததில்லை.

தாய் யானை விழும் காட்சிக்கு வந்தேன். அது விழுகிறது. குட்டி பக்கத்தில் வந்து தும்பிக்கையைப் பிடித்து இழுக்கிறது, விளையாட்டு என்று நினைத்து. தாயின் கண் திறந்தே இருக்கிறது. புள்ளியைத் தேடினேன். தூசிதான் குதித்தது, புள்ளி இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். விழும்போது இருக்கிறது. விழுந்த பிறகு கொஞ்ச நேரமும் இருக்கிறது. பிறகு ஒரு பிரேமில் இல்லை. அதன்பின் எங்குமே இல்லை. வரைந்தவர் அதை எடுத்துவிட்டிருக்கிறார். அதை அப்படியே விட்டேன்.

சொன்ன வாரத்திலேயே அனுப்பினோம். சனிக்கிழமை மத்தியானம் போன்.

"பிரமாதம் மேடம். குட்டிக்கு உயிர் வந்துடுச்சு. ஆனா ஒரு ஷாட்ல விட்டுட்டீங்க. அம்மா யானைக்குக் கண்ணுல புள்ளி இல்லை. அதை மட்டும் போட்டு அனுப்பிடுங்க. திங்கட்கிழமை பேசி மிச்சப் படங்களை முடிவு பண்ணிடலாம்."

"விட்டது இல்ல சார். அங்க அது செத்துப்போச்சு."

"குழந்தைங்க பார்க்கிற படம் மேடம். ஏதோ மிஸ்டேக்னுதான் நினைப்பாங்க. யாருக்குப் புரியப்போகுது?"

போனை வைத்ததும் மேனேஜர் சார் என்னிடம் கெஞ்சாத குறை. "ஒரு புள்ளிதானே பிள்ளே. வச்சு அனுப்பிருவோம். இனி அவங்ககிட்ட ஒண்ணும் பேசாண்டாம்." அவர் சொல்வதும் நியாயம்தான். ஆறு பேர் வேலை அந்தப் புள்ளியில் நின்றது. என் குவைத் விசாவும்தான். மற்ற பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை வரை பொறுங்கள் என்றேன். சாயங்காலம் யாரிடமும் கேட்காமல் படத்தை ஒரு டிவிடியில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கேட்டால் தரமாட்டார்கள் என்பதால் கேட்கவில்லை. இன்றுவரை அதில் எனக்கு வருத்தமில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வீட்டில் படத்தைப் போட்டேன். கார்ட்டூன் என்றதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். பின்வீட்டு மாமி மீன் கழுவிய கையை உதறிக்கொண்டே வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். யானைக்குட்டி துள்ளும்போதெல்லாம் அவளும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தாள்.

தாய் விழுந்தது. குட்டி தும்பிக்கையை இழுத்தது. பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் விளையாட்டு என்றே நினைத்து. படத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை, பாட்டுக்கூட மாறவில்லை. நான் டிவியைப் பார்க்காமல் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பு நின்றது.

"ஏலே, சிரிக்காண்டாம்" என்றாள் பிள்ளைகளைப் பார்த்து. "தள்ள போயாச்சு. கண்ணப் பாத்தியளா?"

பிள்ளைகள் எல்லாம் தாயின் கண்ணைப் பார்த்தார்கள். ஒருவன் என் மடியில் வந்து ஏறிக்கொண்டான்.

திங்கட்கிழமை நானே சென்னைக்குப் போன் போட்டேன். மேனேஜர் சார் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "புள்ளி வைக்கமாட்டேன் சார்" என்று ஆரம்பித்து, மகனைக் கடலில் விட்ட ஒரு பொம்பளை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே சொன்னேன். தள்ள என்றால் அம்மா என்றும் சொன்னேன். டிவிடியை வீட்டுக்குக் கொண்டுபோனது அதில் தெரிந்துவிட்டது, தெரியட்டும்.

"அப்படியே இருக்கட்டும் மேடம்" என்றார் சென்னைக்காரர். பிறகு, "அடுத்த படத்தை இன்னைக்கே பார்சல் போடச் சொல்றேன்" என்றார்.

பார்சல் வந்தது. இந்தத் தடவை ஒரு நரி. எல்லாரும் உட்கார்ந்து முதல் வேலையாக அதன் கண்ணுக்கு மறைப்புப் போட்டோம்.