மூன்றாம் வரி

முதல் இலை முடிச்சுப் போடும்போதே பிளந்துவிட்டது. வில்பார்ட் அதைக் கீழே போட்டுவிட்டு வேலியிலிருந்து இன்னொன்றை வெட்டினான்.

"இங்க குடு, நான் போடுறேன்" என்றேன்.

"தப்புப் பண்ணவன்தான் முடிச்சுப் போடணும், மசாவே. நீ கொண்டுபோய்க் குடு, அது போதும்."

இரண்டாவது இலை இளசு. வளைந்து கொடுத்தது. முடிச்சை இறுக்கி என் கையில் வைத்தான். வாழைத் தோட்டத்தில் முந்தின நாள் மழையின் ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தேவாலயத்திலிருந்து வந்த சட்டையை அவன் மாற்றியிருக்கவில்லை.

கிளிமஞ்சாரோவின் அடிவாரத்தில் எங்கள் தோட்டங்களுக்கெல்லாம் இசாலே என்ற செடிதான் வேலி. எல்லைக்கும் அதுதான், கல்லறைக்கும் அதுதான். அதன் இலையை முடிச்சிட்டு ஆள்மூலம் அனுப்பினால் மன்னிப்புக் கேட்பதாகப் பொருள். வாங்கியவர் மன்னித்தே ஆகவேண்டும். அதன் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பக்கமும் எடுக்கக் கூடாது. ரத்தம் சிந்திய வழக்குகளே இப்படி முடிந்திருக்கின்றன.

இந்த யோசனையைச் சொன்னது நான்தான். நாற்பது நாளாக அவன் மனைவி மங்கா தன் அப்பன் வீட்டில் இருந்தாள். நாற்பது நாளாக வில்பார்ட் வெறும் தேநீரும் ரொட்டியுமாக இருந்தான். "இலை அனுப்பு. ஒரே நாள்ல முடிஞ்சுரும்" என்றேன்.

நான் மலைச் சமையல்காரன். இருபத்திரண்டு வருடமாக வில்பார்டின் குழுவில் அடுப்பு மூட்டுகிறேன்.

அவன் பத்தொன்பது வயதில் சுமைதூக்கியாக மலைக்கு வந்தவன். முதல் சுமை முட்டைத் தட்டுகள். ஒன்றும் உடையாமல் உச்சி முகாம் வரை கொண்டுபோனான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பதினோரு வருடம் சுமந்தான். பிறகு வழிகாட்டித் தேர்வு எழுதினான். மலையைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. ஆங்கிலம்தான் வரவில்லை. மலையேற வரும் வெளிநாட்டு விருந்தினர்கள் ஏதாவது கேட்டால் சிரிப்பான்.

அப்போதுதான் மங்காவைக் கட்டியிருந்தான். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவனிடம் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். பதினான்கு வரி. தினமும் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் ஒப்பிக்க வைத்தாள். தப்பினால் கறியில் வாழைக்காய் மட்டும்தான் விழும், இறைச்சி விழாது.

அந்தப் பதினான்கு வரியும் எனக்கே மனப்பாடம். மலை ஓடிப்போகாது, மெதுவாக நடங்கள் என்பது முதல் வரி. தாகம் இல்லாவிட்டாலும் மூன்று லிட்டர் தண்ணீர் என்பது இரண்டாவது. மூன்றாவது, தலைவலி வந்தால் மறைக்காதீர்கள், உடனே என்னிடம் சொல்லுங்கள், நான் கோபப்படமாட்டேன். அதற்குப் பிறகு சில்லறை விஷயங்கள். பிளாஸ்டிக் பை கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். கசங்கிய பழைய டாலரை ஒருவரும் வாங்கமாட்டார்கள். தொடை தெரியும் கால்சட்டையோடு சந்தைக்குப் போகாதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். இடது கையால் எதையும் நீட்டாதீர்கள். வழி கேட்பதற்கு முன், விலை கேட்பதற்கு முன், நலம் கேளுங்கள். வீடு, வேலை, பிள்ளைகள் எல்லாம் கேட்டு முடித்த பிறகு உங்கள் காரியத்துக்கு வாருங்கள். நாங்கள் அவசரப்படமாட்டோம்.

மூன்றாம் வரியில் 'நான் கோபப்படமாட்டேன்' என்பது மங்கா சேர்த்தது. அதைச் சொல்லும்போது வில்பார்ட் நெஞ்சில் கை வைப்பான். எத்தனையோ பேர் அந்த ஒரு சொல்லை நம்பி இரவில் அவன் கூடாரத்துக்கு வந்து அழுதிருக்கிறார்கள். அவர்களைத் திட்டாமல் கீழே கூட்டிப்போனான். ஒருவரும் அவன் கையில் சாகவில்லை.

ஒம்பேனி மங்காவின் தம்பி. கடைசிப் பையன், அதனால் அப்பன் வீடும் மாடும் அவனுக்கு. கல்யாணம் ஆகவில்லை. ஆறு வருடமாக எங்களோடு சுமந்தான். அவனும் வில்பார்டும் பேசினால் குழுவே வேலையை விட்டுவிட்டுக் கேட்கும்.

"மாப்ளே, உங்கக்காவுக்குப் பரிசமாக் குடுத்த ரெண்டு ஆட்டைத் திருப்பிக் குடு. சமைக்கத் தெரியாதவள ஏமாத்திக் கட்டி வச்சுட்டீங்க."

"ஆடு அன்னிக்கே செத்துப்போச்சு மச்சான். உங்க மூஞ்சியப் பாத்த அதிர்ச்சிதான்."

இப்படித்தான் ஏழு நாளும் ஏறுவோம், இறங்குவோம்.

மங்கா அப்பன் வீட்டுக்குப் போவதற்கு முந்தின பயணத்தில் விருந்தினர் பத்துப் பேர். மூன்றாம் முகாம், மதிய நேரம். நான் அடுப்பில் வெள்ளரி சூப் வைத்திருந்தேன். ஒம்பேனி சுமையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தான். காற்று இல்லை, நல்ல வெயில். எல்லோரும் சுற்றி இருந்தோம்.

"மச்சான், தலை வலிக்குது."

வில்பார்ட் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். விருந்தினர்களிடம் பேசும் குரல். ஆங்கிலம். முகத்தில் சிரிப்பே இல்லை. "ஐயா, மலை ஓடிப்போகாது. மெதுவாக நடங்கள். மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள். தலைவலியை மறைக்காதீர்கள். நான் கோபப்படமாட்டேன்." நெஞ்சில் கை வைத்தான்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என் கரண்டி சூப்புக்குள் விழுந்தது. ஒம்பேனியும் சிரித்தான், நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

"அப்ப அந்த விரல்ல மாட்டுற மெஷினை எனக்கும் மாட்டுங்க மச்சான்."

"அது டாலர் விரலுக்குத்தான் வேலை செய்யும் மாப்ளே. நேத்துக் குடிச்ச வாழைச்சாராயத்தோட கணக்கு அதுக்குத் தெரியாது."

மறுபடி சிரிப்பு. சாராயமும் குடிக்கவில்லை, ஒன்றும் குடிக்கவில்லை. மலையில் யாரும் குடிப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அது வேடிக்கை.

ஒம்பேனி சூப்பைத் தொடவில்லை. நான் அந்தத் தட்டை இன்னொருவனுக்குக் கொடுத்தேன். யார் சாப்பிடவில்லை என்பது எனக்குத்தான் முதலில் தெரியும். அது என் வேலை. சொல்லவில்லை. அன்று மாலை வில்பார்ட் பத்து விருந்தினர்களின் விரலிலும் கருவியை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று எண் பார்த்து எழுதினான். ஒம்பேனி பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தான்.

காலையில் அவனால் நேராக நிற்க முடியவில்லை. இருமினான், உதட்டில் நுரை வந்தது. உயரம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று வில்பார்ட் பார்த்ததும் தெரிந்துகொண்டான். விருந்தினர்களை உதவி வழிகாட்டியிடம் விட்டுவிட்டு, நான்கு பேரோடு ஒற்றைச் சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடினான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் மலையில் ஓடி நான் பார்த்தது அன்றுதான். மரங்கள் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒம்பேனி இறந்தான். மணி பத்து.

வாழைத் தோட்டத்தில், அப்பன் பக்கத்தில் புதைத்தோம். மங்கா ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் சடங்கு முடிந்ததும், "மாட்டுக்குப் புல் போட ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்துகொண்டாள். பள்ளிக்கு அங்கிருந்து போய்வந்தாள்.

வில்பார்ட் என்னிடம் மட்டும் சொன்னான். "அவ கேட்டா சொல்லிடுவேன் மசாவே. நானாச் சொல்ல வாய் வரல."

இலையை வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வாய்க்கால் ஓரப் பாதை. வில்பார்ட் பத்தடி பின்னால் வந்தான். வழியில் மூன்று பேர் நலம் விசாரித்தார்கள். வீடு சுகமா, வேலை சுகமா, மகள் உபெண்டோவுக்கு டொடோமாவில் படிப்பெல்லாம் சுகமா. சுகம், சுகம் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

மங்கா வெண்ணெய்ப்பழ மரத்தடியில் ஸ்டூல் போட்டுப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மடியில் சிவப்புப் பேனா. என்னைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள். என் கையை இன்னும் பார்க்கவில்லை.

"வாங்க மசாவே அண்ணே. வீட்ல எல்லாரும் சுகமா?"

"சுகம் மங்கா. இங்க?"

"சுகம்."

வில்பார்ட் பக்கத்தில் வந்து நின்றான். "ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

"சுகம்."

"பள்ளிக்கூடம்?"

"சுகம்."

"மாடு?"

"சுகம், உபெண்டோ அப்பா. பால் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு."

எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூட முதல் பதில் சுகம்தான். மற்றது அப்புறம். நான் அப்புறத்துக்கு இடம் விடவில்லை. இரண்டு கையாலும் இலையை நீட்டினேன்.

அவள் இலையைப் பார்த்தாள். நெடுநேரம் இல்லை. பேனாவை மூடி வைத்தாள். எழுந்து, துணியில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்பன் கல்லறையின் நான்கு மூலையிலும் அதே செடி நின்றது. ஒம்பேனிக்காகப் புதிதாக நட்ட நான்கும் பக்கத்தில் துளிர் விட்டிருந்தன.

"மன்னிச்சுட்டேன்" என்றாள்.

வில்பார்டின் தோள் இறங்கியது. நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"அந்தப் பையைப் பாத்தீங்களா?" என்றாள். கதவருகே துணிப்பை ஒன்று வாய் கட்டி இருந்தது. "நேத்தே மடிச்சு வச்சுட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன்."

"நீயாவா?"

"நானாத்தான். வந்து உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னு. நாப்பது நாளாச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இருந்தேன், கோவமில்லாம எப்படிக் கேக்குறதுன்னு. நேத்துத்தான் வந்துச்சு."

"கேளு."

அவள் இலையைக் காட்டினாள்.

"மங்கா, கேளு. இது கெடக்கட்டும். நீ கேளு, நான் சொல்றேன்."

"வாங்கிட்டேனே."

"நானே சொல்றேன். அன்னிக்கு மத்தியானம் அவன்..."

"வேணாம்." குரல் உயரவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வதுபோல் இருந்தது. "எங்கப்பா மண்ணுல நின்னு வாங்கினது. இனிமே நீங்க சொல்லவும் கூடாது, நான் கேக்கவும் கூடாது. வாயெடுத்தா தம்பிக்குத்தான் ஆகாது."

வில்பார்ட் என்னைப் பார்த்தான். நான் செடியைப் பார்த்தேன். இந்த வழக்கத்தை அவனுக்கு ஞாபகப்படுத்தியது நான். அந்த மதியம் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களில் அவள் நம்பிக் கேட்கக்கூடிய இன்னொருவனும் நான். இலையைக் கொண்டுவந்து கொடுத்தவனும் வாய் திறக்கக் கூடாது.

"ஒருநாள் பொறுத்திருக்கலாம்" என்றாள். அதை எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. இலையை மேலேயிருந்த நோட்டுக்குள் வைத்தாள். பிறகு அது பிள்ளையின் நோட்டு என்று நினைவு வந்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

வீட்டைப் பூட்டினாள். பையை நான் தூக்கிக்கொண்டேன். மாட்டை வில்பார்ட் பிடித்தான். அது பழகாத கை, இரண்டு தடவை நின்றுவிட்டது. மங்கா பின்னாலிருந்து அதன் முதுகில் தட்டினாள். வாய்க்கால் பாதையில் போகும்போது அதே மூன்று பேர் மறுபடி எதிரில் வந்தார்கள். மாட்டையும் பையையும் அவளையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

"எல்லாம் சுகமா டீச்சர்?"

"சுகம்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மலைக்குக் கிளம்பினோம். மங்கா ஆறு மணிக்கு எழுந்து தேநீர் போட்டாள். வாழைக்காயும் இறைச்சியும் வேகவைத்து வில்பார்டுக்குத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். எட்டரை மணிக்கு வேன் வந்தது. விருந்தினர் ஏழு பேர், நாங்கள் பத்தொன்பது பேர். மலை வாயிலில் சுமைகளை எடை போட்டார்கள். ஒன்றில் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது, எடுத்து வேறொன்றில் போட்டோம். வில்பார்ட் பதினான்கு வரியையும் சொன்னான். விருந்தினர்கள் குறித்துக்கொண்டார்கள். மழை இல்லை. நான்கு மணிக்கு முதல் முகாம். சாப்பாட்டுக்கு முன் ஏழு பேர் விரலிலும் கருவியை மாட்டி எழுதினான். பிறகு எங்கள் கூடாரத்துக்கு வந்தான். ஒவ்வொருவராக விரலை நீட்டினோம். அவன் எண்ணைச் சொன்னான், நான் பிஸ்கட் பெட்டியின் அட்டையில் எழுதினேன். வெள்ளரி சூப் வைத்திருந்தேன். மீதி இல்லை.