ஹில்லெவியின் கம்பிப் பெட்டி

ஹில்லெவி செய்த பெட்டி செவிடு என்று ஸ்டாக்ஹோம் ஆய்வுக்கூடத்தில் சக ஆய்வாளன் சிக்ஸ்டன் சொல்லாத நாளில்லை. அதில் அவனுக்கு அப்படியொரு ருசி!

அவள் வடக்கே லூலியோ நகரில் பேருந்து ஓட்டியவரின் மகள். இயற்பியல் படித்தாள், கல்யாணம் செய்தாள், கணவனை விட்டாள். பிடிவாதத்தை மட்டும் விடவில்லை.

பிரபஞ்சமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கும் கரும்பொருள், ஆக்சியான் என்ற துகளாக இருந்தால், காந்தத்துக்குள் மிக மெல்லிய நுண்ணலையாக மாறும். எந்த அதிர்வெண்ணில் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே பெட்டியின் சுருதியைக் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றிக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். இதற்காகச் சிக்ஸ்டன் செப்புக் குடுவை செய்தான். ஹில்லெவி பெட்டிக்குள் செப்புக் கம்பிகளை நெருக்கமாக நட்டாள். கம்பிகளின் இடைவெளிதான் சுருதி. இரைச்சல் அடங்கப் பெட்டியை உறையவைக்க வேண்டும்; அந்தக் கடுங்குளிரில் கம்பிகள் கோணிக்கொண்டு வருடக்கணக்கில் அவள் உயிரை எடுத்தன. கடைசியில் கம்பிகளைத் தாங்கும் சட்டத்தையும் அதே செம்பிலேயே செய்தாள். சுருங்கினால் எல்லாம் சேர்ந்தே சுருங்கட்டும்!

ஆய்வுக்கூடத்தின் பெரிய காந்தத்தில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். தேர்வு இதுதான்: மைலிஸ் என்ற சக ஆய்வாளர் குடுவைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் ஒரு பொய்ச் சமிக்ஞையை ரகசியமாக அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். அனுப்பினாளா, எந்த அதிர்வெண்ணில் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். தோற்றால் கம்பிப் பெட்டி பரணுக்குப் போகும்.

புதன்கிழமை ஹில்லெவியின் திரையில் ஓடிய கோட்டில் ஒரு சின்ன மேடு எழுந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஆகா, மறுபடியும் கேக்கா?” என்றான் சிக்ஸ்டன். வெற்றுச் சத்தத்தைச் சமிக்ஞை என்று சொன்னவர் எல்லோருக்கும் கேக் சுட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஹில்லெவி பலமுறை சுட்டவள். “இந்தத் தடவ ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா போடு. என் குடுவையில ஒண்ணுமே இல்ல. யாரோட கைப்பேசியோ என்னவோ!”

“உன் வாயில முதல்ல ஏலக்காய போடு!” என்று எரிந்து விழுந்தாள்.

சுருதியை நகர்த்தினாள்; மேடு மறைந்தது. திருப்பினாள், வந்தது. அப்படியானால் வெளியிலிருந்து வரும் சத்தம் இல்லை, பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஐயோ, நிஜ ஆக்சியானாகவே இருந்துவிட்டால்? பெட்டியைச் சுற்றியிருந்த சோதனைக் காந்தத்தை அணைத்தாள். ஆக்சியான் காந்தமில்லாமல் அலையாக மாறாது. மேடோ அசையவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சிக்ஸ்டன் முந்திக்கொண்டான்: “இந்த வாரம் எதுவும் அனுப்பல.”

“அனுப்பியிருக்கா,” என்றாள் ஹில்லெவி. அதிர்வெண்ணைச் சொன்னாள். “கரும்பொருளும் இல்ல, கைப்பேசியும் இல்ல. இது மைலிஸோட வேலை.”

மைலிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “அடிப்பாவி! கரெக்டா சொல்லிட்ட! எந்தப் பெட்டிக்கும் எட்டாதுன்னு நெனச்சுதான்டி அவ்வளவு சன்னமா அனுப்புனேன்!”

அறையே கைதட்டியது. தேடிய துகள் கிடைக்காத ஒருத்தி அப்படி ஆனந்தமாக அழுததை அங்கே எவரும் பார்த்ததில்லை. சிக்ஸ்டன் திரையருகே போய் அந்த மேட்டைப் பார்த்தான்.

“பொய்யையே விடாம பிடிச்சிருக்கு,” என்றான் மெல்ல. “நிஜம் வந்தா தப்புமா? பெரிய காந்தம் உன் பெட்டிக்குத்தான், ஹில்லெவி.”

உறைகுளிர் நீங்கி, பெரிய காந்தத்துக்கு மாற்றப் பெட்டியை வெளியே எடுத்த அன்று அவனே முதல் ஆளாக வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“பேச்சு அப்புறம்,” என்றாள் ஹில்லெவி. “கனமா இருக்கு. அந்தப் பக்கம் பிடி.”