குவைத்திலிருந்து வந்த நான்கு வரி

நான் கூட்டித் துடைக்கும் திருப்பதி பிரௌசிங் சென்டரில் அன்று நான், ஜெராக்ஸ் அக்கா, ரிடையரான டைப்பிஸ்ட் சார். சார் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்த பிறகே உட்காருவார். வெளிநாடு போன சித்தூர் ஜில்லாக்காரர்கள் எழுதும் குரூப்பில் எல்லார் இங்கிலீஷிலும் தப்புப் பிடிப்பார்.

அன்று குவைத்திலிருந்து ஒருவன் நாலு வரி எழுதியிருந்தான். "ஒரு வரி நேரா எழுத வர்ல நைனா, குவைத் போய்க்கிறான்" என்றார். சிரித்தோம். சார் திருத்தியதே தப்பு என்று இன்னொருவன் எழுதினான். சண்டை நாள் கணக்கில் நடந்தது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒருநாள் கேட்டேன்.

"குவைத்காரன் இன்னாதான் சார் எழுதிகீறான்?"

"கூட இருந்தவன் செத்துட்டானாம். கார்வேட்டிநகரத்துல வீடாம், போன் இல்லியாம். யாராச்சும் போய்ச் சொல்லணுமாம்."

"சொன்னாங்களா?"

"அத்த யாரும் எழுதல" என்றார்.

அத்தனை முறை படித்தவர் கண்ணில் அது எப்படிப் படாமல் போனது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அப்போதே பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். செத்தவனின் பெண்டாட்டி, "உங்களுக்குச் சேதி எப்ப வந்தது?" என்று கேட்டாள்.

குரூப்பில் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.