துண்டு காய்ந்த சுவர்

நூலின் நம்பரைச் சொல்ல எனக்குக் கண் வேண்டாம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் இழையை உருட்டினால் போதும், நாற்பதா அறுபதா என்று சொல்லிவிடுவேன். என் பெயரை எழுதுவதற்குள் எனக்கு மூச்சு முட்டும். ஆனால் சேலத்துப் பக்கம் எங்கள் ஊரான இளம்பிள்ளையில், எங்கள் தெருவில், விரல் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மண்ணெண்ணெய்க்குத் திண்டாட்டம். அப்போதுதான் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், எங்கள் தறிக்கூடத்துக்குக் கரண்டு இழுத்தார். மூன்று பல்பு, நூல் முறுக்கும் மிஷினுக்கு ஒரு சின்ன மோட்டார். சேலத்திலிருந்து வந்த வயர்மேன் சுவரில் மரப்பட்டை அடித்து, அதற்குள் கம்பியை ஓட்டினார். கடைசியில் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டையை எடுத்து, அதில் மட்டும் தலைமுடி போல ஒரு கம்பியைத் திருகினார். பீஸ் கட்டை என்றார்.

எனக்கு அது புரியவில்லை. "ஏனுங்க, வழியெல்லாம் தடிக் கம்பியா வருது. நடுவால இது மட்டும் என்னத்துக்கு இத்தனூண்டு?" என்று கேட்டேன்.

"அறுந்து போறதுக்குத்தான் அம்மிணி."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. விடிந்ததிலிருந்து அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்தே நகம் தேய்ந்தவள் நான். அறுந்து போகட்டும் என்று வேண்டி ஒரு மனுஷன் இழை போடுவானா?

"அளவுக்கு மீறிக் கரண்டு ஓடுச்சுன்னா கம்பி சுடும். செவுத்துக் கம்பி சுட்டுக் கருகறதுக்கு முன்னால இது உருகி அந்துரோணும். அப்பக் கரண்டு நின்னுரும்."

"இதுக்கும் நம்பர் உண்டுங்களா?"

"உண்டு. நம்பர் ஏற ஏறக் கம்பி மெலிசு."

"எங்க நூலாட்டமேதான்!" என்றேன். இரும்புக்கடைக்காரருக்கும் நூல்கடைக்காரருக்கும் இந்த ஒரே கணக்கை யார் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நாலைந்து நாள் யோசித்துக்கொண்டே தார்க்குச்சியில் ஊடைநூல் சுற்றினேன்.

அந்த ஐப்பசியில் சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தது. கூறைப்புடவையிலிருந்து எல்லாப் புடவையும் எங்களிடம்தான். எட்டுத் தறியிலும் அதே வேலை. முறுக்கு நூல் போதவில்லை என்று மூத்தார் இன்னொரு மிஷினை வாங்கி, அதன் மோட்டாரையும் அதே கம்பியில் மாட்டச் செய்தார். அன்றிலிருந்து தினம் இரண்டு தடவை பீஸ் போனது.

மூத்தார் நெசவில் கெட்டிக்காரர். பாவில் ஓர் இழை அடிக்கடி அறுந்தால் நெசவாளி என்ன செய்வான்? இரட்டையாக முறுக்கிப் போடுவான். பீஸ் கம்பியையும் அவர் அப்படியே இரட்டைப் புரியாக முறுக்கிப் போட்டார். ஒரு நாள் தாங்கியது. மூன்று புரி போட்டார். அதுவும் போனது. கடைசியில், வயர்மேன் விட்டுப்போன சுவர்க் கம்பியிலேயே ஒரு துண்டை நறுக்கி மாட்டினார். "இனி அந்து போவட்டும், பாக்கலாம்" என்றார். அது அறுந்து போகவே இல்லை. இரண்டு மிஷினும் காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை ஓடின.

அடைமழைக் காலம். கஞ்சி போட்ட நூல்சிட்டங்கள் காயவே மாட்டேன் என்றன. ஆனால் மோட்டாருக்குப் போகும் மரப்பட்டைக்குக் கீழே இருந்த முளையில் மாட்டியது மட்டும் உச்சிப்பொழுதுக்குள் காய்ந்துவிட்டது. நல்ல இடம் கண்டுபிடித்தேன் என்று இன்னும் நான்கு சிட்டத்தை அங்கே மாட்டினேன். மூன்று நாள் அந்தச் சூட்டில் நூல் காயவைத்த புத்திசாலி நான்தான்.

நாலாம் நாள் ஒரு மிஷினின் பெல்ட் அறுந்து, அதன் மோட்டாரை நிறுத்தினார்கள். அன்று சிட்டம் ஈரமாகவே இருந்தது. என்னடா இது என்று மரப்பட்டையில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. பெல்ட் தைத்து மிஷின் ஓடி வெகுநேரம் கழித்து மறுபடி தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பால்சொம்பு போலச் சுட்டது. ரப்பர் தீயும் வாசனையும் வந்தது. பல்புக்குப் போகும் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன், அதில் சூடே இல்லை.

அப்போதுதான் விளங்கியது. அறுவதற்கென்று இருந்த இழையை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்திலும் சுவருக்குள் இருக்கும் அதே தடிமன். இனி முதலில் போவது எது? சுவருக்குள் இருப்பதுதான் போகும். அதற்கு மேலே தென்னங்கீற்றுக் கூரை. கீழே எட்டுத் தறி, ஒரு வீட்டுக் கல்யாணம்.

எங்களில் தம்பி மனைவி மூத்தாரிடம் முகம் பார்த்துப் பேசமாட்டாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணன் போட்டதை நான் எப்படிப் புடுங்கறது?" என்றார். சரியென்று தூணுக்குப் பின்னால் நின்று, மூத்தார் காதில் விழும்படி வீட்டுக்காரரிடமே பேசினேன்.

"ஏனுங்க, அந்தக் கம்பிய எடுத்துட்டுப் பழையபடி மெலிசாப் போடச் சொல்லுங்க. செவுத்துக் கம்பி கொதிக்குது."

மூத்தாரும் தம்பியைப் பார்த்தே பேசினார். "ஏப்பா, உன்ர ஊட்டுக்காரி எப்ப வயர்மேன் ஆனா?"

தறிக்காரர்கள் சிரித்தார்கள்.

"வயர்மேன் ஆவலீங்க. கை இருக்குது, தொட்டுப் பாத்தேன்னு சொல்லுங்க."

"கல்யாணம் முடியட்டும், எல்லாருமாச் சேர்ந்து தொட்டுப் பாக்கலாம்னு சொல்லு."

நடுவில் நின்ற என் வீட்டுக்காரர் எதையும் எடுத்துச் சொல்லாமலே இரண்டு பக்கமும், "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

மறுநாள் மூத்தார் மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். துண்டைப் பிழிந்து போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் அதை எடுத்துப் போய் அந்த முளையில் மாட்டினேன். அவர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து வந்து துண்டை எடுத்தார். வெளியே மழை கொட்டுகிறது. துண்டு மொடமொடவென்று, கதகதப்பாக இருக்கிறது. துண்டைப் பார்த்தார், முளையைப் பார்த்தார், மரப்பட்டையில் கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார். நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். இரண்டு மிஷினும் நின்றன.

"சேலத்துக்குப் போய் வயர்மேனைக் கையோட கூட்டியா" என்று தம்பியிடம் சொன்னார்.

வயர்மேன் வந்து பட்டையைக் கழற்றினார். கம்பியின் மேல் ரப்பர் வறுத்த கடலைத் தோல் போல உதிர்ந்தது. இரண்டு இடத்தில் செம்பு வெறுமனே தெரிந்தது. "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா..." என்று தொடங்கியவர் கூரையை அண்ணாந்து பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மோட்டாரைப் பாத்துப் பீஸ் போடக் கூடாதுங்க, கம்பியப் பாத்துப் போடோணும். ரெண்டு மிஷின் ஓட்டோணும்னா வழியெல்லாம் தடிச்ச கம்பி போடுங்க. அப்புறம் தடிச்ச பீஸ் போட்டாத் தப்பில்ல."

"செம்புக்கு நான் எங்க போவேன்?" என்றார் மூத்தார். "இதே தடிமன்ல இரும்புக் கம்பி கெடைக்குதாம். போட்டுரலாமா?"

எனக்கு வாய் நிற்கவில்லை. "தடிமன் ஒண்ணா இருந்தா இரும்பும் செம்பும் ஒண்ணாயிருங்களான்னு கேளுங்க" என்றேன் தூணுக்குப் பின்னாலிருந்து.

வயர்மேன் நேராக எனக்கே பதில் சொன்னார். "ஆகாது அம்மிணி. செம்பு தாங்கற கரண்டுல பாதிகூட இரும்பு தாங்காது. சூடேறிப் போகும்."

பட்டிழையும் பருத்தி இழையும் ஒரே தடிமனில் இருந்தாலும் ஒன்றுபோல் இழுபடாது. அதை எனக்குத் தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கருகிய கம்பிக்குப் பதில் பழைய அளவிலேயே செம்புக் கம்பி போட்டார்கள். இரண்டாவது மிஷினைக் கழற்றி வைத்தார்கள். மீதி நூலை வீட்டுப் பெண்கள் கையால் முறுக்கினோம். கூறைப்புடவை முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. கடைசி இரண்டு புடவைகள் முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் தறியிலிருந்து இறங்கின.

வயர்மேன் பீஸ் கம்பி சுற்றிய அட்டையை நீட்டியபோது மூத்தார் வாங்கவில்லை. "அந்தப் புள்ளகிட்டக் குடுக்கச் சொல்லு" என்று தம்பியிடம் சொன்னார்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி பீஸ் போனது. தறிக்கூடம் முழுக்கச் சலித்துக்கொண்டது. எனக்கு மட்டும் சந்தோஷம். மெயினை இறக்கி, அட்டையிலிருந்து ஓர் இழையை விரலில் உருட்டிப் பார்த்து, ஒற்றையாகத் திருகினேன்.

"ஏன் அந்துச்சுன்னு அண்ணங்கிட்டக் கேளுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

எங்கே இறுகி மோட்டாரைத் திணற வைக்கிறதென்று பார்க்க, மூத்தார் அதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தோடு மிஷின் அடியில் குனிந்திருந்தார்.