சொந்த அளவில் ஒரு ரவிக்கை

சேலம் கோட்டைப் பக்கத்துப் பெண்கள் தொழிற்பள்ளியில் முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து யுத்தம் முடியும்வரை ஷஹர்பானுதான் தையல் டீச்சர். துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண். பொம்பளை வேலைக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் குதித்தார்கள். "குதிக்கட்டும், கால் வலிச்சா நிப்பாங்க" என்று துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாய் பொல்லாத வாய். தையல் கோணினால், "இதென்ன ஏரிக்கரையா, இப்படி வளையுது? பிரி" என்பார். பிரித்தவளுக்குத் தன் கையாலேயே நூல் கோத்தும் தருவார். நாதியற்று வந்தவர்கள் எத்தனையோ பேர் அவரால் சொந்தக் காலில் நின்றார்கள். மகராசி.

அப்பேர்ப்பட்டவரும் ஒருமுறை சறுக்கினார். அவரவர் அளவுக்கே ரவிக்கை தைத்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு வருஷம் பரீட்சைக் கேள்வியாக மதராஸுக்கு எழுதி அனுப்பிவிட்டார். வகுப்பில் பனமரத்துப்பட்டிப் பாவாயி இருப்பது புத்தியில் உறைக்கவில்லை. பாவாயி தோட்டங்காடுள்ள குடும்பத்துக் கைம்பெண். அந்த வீடுகளில் தாலி இறங்கினால் வெள்ளைச் சேலைதான், ரவிக்கை கூடாது. பாஸானால் அவளுக்கு ராசிபுரத்தில் தையல் டீச்சர் வேலை தயாராக இருந்தது.

பரீட்சையன்று பாவாயி கச்சிதமாகத் தைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போட்டுக் காட்டாமல் மார்க் கிடையாது என்றார் மதராஸிலிருந்து வந்த பரீட்சையம்மாள்.

"ஏனுங்க டீச்சர், வெளிய எங்கத்தை உக்காந்திருக்குதுங்க. பாத்துதுன்னா என்னைய ஊட்டுல சேக்காதுங்க."

கதவைச் சாத்திப் போட்டுக் கழற்றிவிடு என்று மற்றவர்கள் கிசுகிசுத்தார்கள். ஷஹர்பானுவுக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கு ஒளித்தால் பாவாயி காலமெல்லாம் பயந்து சாக வேண்டியதுதான். நேரே வேப்பமரத்தடிக்குப் போய், மாமியார் காளியாத்தாள் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, தப்பு என்னோடது. யோசிக்காம இந்தப் பரீட்சைய வெச்சது நான். உங்க மருமக ரவிக்கை போட்டு நின்னாத்தான் வேலை கிடைக்கும். நீங்க வேணாம்னா உள்ள போய்ச் சொல்லிடறேன்."

காளியாத்தாளும் சின்ன வயசிலேயே தாலியறுத்தவள். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து வகுப்புக்குள் போனாள்.

"போடு, பாக்கலாம்" என்றாள் மருமகளிடம்.

பாவாயி உள்ளறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து, தலை குனிந்து நின்றாள். கிழவி கிட்டப் போய்த் தோள்பட்டைத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எனக்குத் தெக்கறப்பக் கையக் கொஞ்சம் தளத்தி உடு, சாமி" என்றாள்.