கார்க் கதவுவரை சென்ற மரியாதை

குன்றின் உச்சியில் வேலூன்றி நிற்கும் பெருமானே, என் நாவில் உன் புகழை வைத்தாய். அந்த நாவை வேண்டிய வேளையில் திறக்கும் நெஞ்சையும் நீயே தர வேண்டும். உன் திருவடியைப் பணிந்து இதை எழுதத் தொடங்குகிறேன்.

இன்று தைப்பூசம். தில்லி ராமகிருஷ்ணபுரத்து முருகன் குன்றின் மேல் காலையிலேயே கூட்டம் நிறைந்திருந்தது. பல ஆண்டுகளாக இந்நாளில் சந்நிதிக்கு எதிரே நின்று பதிகம் ஓதுவது என் வழக்கம். கோயிலில் உள்ளவர்கள் இம்முறையும் அழைத்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு, பின்வரிசைத் தூண் ஒன்றின் அருகில் நின்று பிறர் ஓதக் கேட்டுவிட்டு இறங்கினேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. சென்ற மார்கழியில் நடந்த ஒன்றுதான் என்னை முன்னே போகவிடவில்லை.

வெளியுறவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தில்லியிலேயே தங்கிவிட்ட எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒருமுறை கூடி உண்போம். எவர் பேத்திக்குத் திருமணம், எவருக்கு முழங்கால் அறுவை, எவர் மறைந்தார் என்பதையெல்லாம் சொல்லும் சுற்றறிக்கை ஒன்றும் மாதந்தோறும் வீடு வந்து சேரும். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் அழைக்கும் முறை வெளியாருக்கு விசித்திரமாகத் தோன்றும். பெயருக்கு முன்னால் அவர் பணிபுரிந்த ஊரைச் சேர்த்துவிடுவோம். கெய்ரோக்காரர் ஒருவர், லிமாக்காரர் ஒருவர். நான் பெல்கிரேட்காரன். அவ்வூர் தலைநகராயிருந்த நாடு துண்டுதுண்டாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் என் பெயருக்கு முன்னால் அவ்வூர் நிலைத்துவிட்டது.

பெல்கிரேட்டில் என் பெயரையே கொண்ட இன்னொருவரும் இருந்தார். இருவருக்கும் செந்தூர் முருகனின் பெயர். நான் தூதரகத்தின் நிர்வாகத் தலைமையில் இருந்தேன். அவர் அடித்தளத்து அறையில் சங்கேதத் தந்திகளைப் பிரித்துத் தரும் உதவியாளராக இருந்தார். ஓய்வுக்குப் பின் ஊழியர்கள் தங்களுக்கென ஒரு தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அங்கே அவர்தான் பெல்கிரேட்காரர். இரண்டு சங்கங்களுக்கும் போக்குவரத்து கிடையாது. ஆகவே அந்தப் பெயரில் இருவர் உண்டு என்பது என் நண்பர்கள் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டுமே தெரியும். கோயிலில் அவரையும் அவர் மனைவியையும் அவ்வப்போது காண்பேன். அந்த அம்மாள் பணிக்காலத்தில் என்னை ‘சார்’ என்று அழைத்தவர். குன்றின் மேல் சந்திக்கத் தொடங்கிய பிறகு, தங்கள் திருநெல்வேலி வழக்கப்படி ‘அண்ணாச்சி’ ஆக்கிவிட்டார்.

மார்கழியில் ஒரு நாள் விடியலில் அந்த அம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

“அவுக போயிட்டாக அண்ணாச்சி. தூக்கத்திலேயே.”

நான் ஏதோ ஆறுதல் சொல்ல முயன்றேன். அவர் இடைமறித்தார்.

“எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க வந்து ஒரு பதிகம் படிக்கணும். அதை மட்டும்தான் சொல்லிட்டே இருந்தாக. கடைசியா உள்ள அனுப்பும்போது அண்ணாச்சி குரல் கேக்கணும்னு.”

“கட்டாயம் ஓதுகிறேன் அம்மா,” என்றேன்.

என் மனைவி அப்போது மகளைப் பார்க்கப் புனே சென்றிருந்தாள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பனிமூட்டத்தில் ஆட்டோ தேடி முனிர்காவிலிருந்த அவர்களுடைய அடுக்ககத்துக்குப் போனேன். இதற்குள் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர், தமக்குத் தெரிந்த ஓர் ஓய்வு பெற்ற அதிகாரிக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்: பெல்கிரேட்காரர் காலமானார், லோதி சாலை மயானத்தில் முற்பகலில் தகனம். அந்த அதிகாரி இன்னொருவருக்குச் சொல்ல, அவர் வேறொருவருக்குச் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்கு அழைத்துப் பார்த்தவர்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்ததே பதிலாயிற்று. என்னையும் சேர்த்து எங்களில் பலர் இன்னும் கைபேசி வாங்கவில்லை.

மயானத்தில் நாங்கள் சிலரே இருந்தோம். அந்த அம்மாள், மகள், மருமகன், அக்கம்பக்கத்தார், ஊழியர் சங்கத்திலிருந்து வந்த இரண்டு முதியவர்கள். உடலை மின் தகன மேடைக்கு முன் கிடத்தியிருந்தார்கள். எங்களுக்கு முன் வந்திருந்த குடும்பத்தின் முறை முடிவதற்காகக் காத்திருந்தோம்.

அப்போது கார்கள் வரத் தொடங்கின. கனத்த மேல்கோட்டும் கழுத்துத் துண்டுமாக முதியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மலர் வளையங்கள் வந்தன. மூடுபனியில் அவர்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவர்களுக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா, அப்பாவுக்காக எத்தனை பெரியவுக வந்திருக்காக,” என்றார். அந்த முகத்தில் அன்று முழுவதும் நான் கண்ட ஒரே ஒளி அதுதான்.

முன்னால் வந்தவர் எங்கள் சங்கத் தலைவர். பல நாடுகளில் தூதராக இருந்தவர், பெல்கிரேட்டில் என் மேலதிகாரி. என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னய்யா இது. உனக்கு வளையம் வாங்கிட்டு வந்திருக்கேன், நீ இங்க நின்னு என்னை ரிசீவ் பண்றே?”

பின்னாலிருந்து ஒருவர், “யமன் ஆபீஸ்லயும் ஃபைல் மாறிடுது போல,” என்றார்.

“இன்க்ரிமென்ட் குடுத்திருக்கான் சார், வாங்கிக்கட்டும்,” என்றார் இன்னொருவர்.

சிரிப்பு எழுந்தது. தலைவர் என்னை இறுகத் தழுவிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்த அன்பு பொய்யில்லை. ஒவ்வொருவரும் என் தோளைத் தட்டிக் கையைக் குலுக்கினார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடி திரும்பியபோது அந்த அம்மாளைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணவரின் தலைமாட்டில் நின்றவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கீழே பார்த்தார்.

தலைவர் குரலைத் தாழ்த்தி, “அப்போ இது யாரு?” என்று கேட்டார்.

“நம்ம பெல்கிரேட் மிஷன்ல இருந்தவர் சார். சைஃபர் அசிஸ்டெண்ட்.”

பெயரை நான் சொல்லவில்லை. என் பெயர்தான் அது. சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருந்தது என்றாவது ஆகியிருக்கும்.

“அச்சா,” என்றார் தலைவர். உடலின் அருகே சென்று, எனக்காகக் கொண்டுவந்த வளையத்தை மறைந்தவர் காலடியில் வைத்து, தலை தாழ்த்தி நின்றார். அவருக்குப் பின் மற்றவர்களும் பணி மூப்பின்படியே வந்து வணங்கினார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாயிலை நோக்கி நடந்தார். நான் உடன் நடந்தேன்.

இதை விளக்கியாக வேண்டும். தூதரகத்தில் விருந்தினர் விடைபெறும்போது நிர்வாகத் தலைமையில் உள்ளவன் ஒவ்வொருவரையும் காரின் கதவுவரை கொண்டுபோய் விட வேண்டும். பெரியவர் கார் முதலில் நகரும், அடுத்தவர் அடுத்து. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைச் செய்தவன் நான். அன்று காலையும் கால்கள் தாமாகவே சென்றன. தலைவரின் கார்க் கதவை மூடினேன். அடுத்த கார் வந்து நின்றது. அதன் கதவையும் மூடினேன். பின்னால் இன்னும் இருந்தன.

உள்ளேயிருந்து மகள் வாயிலருகே ஓடிவந்தாள். தில்லியில் பிறந்த பெண். தமிழைவிட இந்திதான் முதலில் வரும்.

“அங்கிள், ஜல்தி வாங்க. நம்ம நம்பர் வந்திடுச்சு, அவங்க வெயிட் பண்ண மாட்டாங்க.”

“இதோ வந்துவிட்டேன் அம்மா,” என்றேன். காத்திருந்த அடுத்த காரின் ஜன்னல் இறங்கியது. என் உடல்நலம் விசாரித்தார்கள். பதில் சொன்னேன்.

உள்ளே திரும்பியபோது மேடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது.

மூடிய இரும்பின் முன் எதை ஓதுவது? அந்த அம்மாள் என்னிடம் கோபப்படவில்லை. “எல்லாரும் போயிட்டாகளா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். நான் தலையசைத்தேன்.

சில நாள் கழித்துத் தலைவர் அழைத்தார். சுற்றறிக்கையில் என் ‘மறுபிறப்பை’ நகைச்சுவையாகப் போடப்போவதாகச் சொன்னார்.

“அது வேண்டாம் சார். மறைந்தவரைப் பற்றிப் போடுங்கள்.”

“அவரைப் பத்தி எங்களுக்கு என்னய்யா தெரியும். நீ கூட வேலை பார்த்தவன்தானே, நீ எழுதிக் குடு.”

எழுத உட்கார்ந்தேன். மூன்றாண்டுகள் ஒரே கட்டடத்தில் இருந்தவர். நான் அறைக்குள் நுழைந்தால் மேசையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைப்பார், அவ்வளவுதான் எனக்கு நினைவிருந்தது. கடமையில் கண்ணானவர் என்று எழுதினேன். யாருக்கும் எழுதக்கூடிய வரி அது. தாளை மடித்து வைத்துவிட்டு, காரியங்கள் முடிந்த பிறகு ஒரு மாலை முனிர்காவுக்குப் போனேன். அவரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

அந்த அம்மாள் காபி கொடுத்தார். ஏன் என் குரலையே அவர் கணவர் விரும்பினார் என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதாக்கும்,” என்றார். “பெல்கிரேட்ல உங்க வீட்டுக்கு நேர் கீழ்வீடுதானே நாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசர்மார் எல்லாரையும் கூப்பிட்டு உக்காத்திவச்சுப் பதிகம் படிப்பீங்கல்லா. இவுக ரேடியோவ நிறுத்திட்டு மாடிப்படியில போய் உக்காந்துருவாக. அந்தக் குளிர்ல. சட்டை போட்டுட்டு மேல போங்களேன்னு நான் சொல்லுவேன். கூப்பிடாம எப்படிப் போறதுன்னு சொல்லிட்டு அங்கயே இருப்பாக.”

கூப்பிட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கூப்பிட்டதில்லை. யாரை அழைப்பது என்ற பட்டியலில் அடித்தளத்து அறை வராது. இறைவனின் புகழைக் கேட்பதற்கும் நான் பதவி பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்க்கிறேன் என்ற உணர்வே இல்லாமல் பார்த்திருக்கிறேன்.

“அன்னைக்கு...” என்று தொடங்கினேன்.

“அதை விடுங்க அண்ணாச்சி. நீங்க வரலைன்னதும் எனக்குத் தெரிஞ்சதை நானே சொன்னேன். படியில அவுக முணுமுணுக்கக் கேட்டதுதான். சரியாச் சொன்னேனோ என்னமோ.”

“இப்போது சொல்லுங்கள்,” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒரு பதிகத்தின் முதலடியும் வேறொரு பதிகத்தின் முடிவும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் இரண்டடிகள் விட்டுப்போயிருந்தன. கோயிலில் பிறர் ஓதும்போது சீர் ஒன்று பிசகினாலும் கையுயர்த்தித் திருத்துகிறவன் நான். அன்று கை எழவில்லை. மாடிப்படிவரை எட்டியது அவ்வளவுதான். அதைத்தான் அந்த மனிதர் தம்முடன் கொண்டு போயிருக்கிறார்.

அந்த அம்மாளை மறுபடி சொல்லச் சொன்னேன். இம்முறை அவருடன் சேர்ந்து, அவர் சொன்னபடியே, அவர் விட்ட இடத்தில் நானும் விட்டு ஓதினேன்.

சுற்றறிக்கைக்கு எழுதிக்கொடுத்ததில் அந்த மாடிப்படியைப் பற்றி எழுதினேன். யார் வீட்டின் மாடிப்படி என்பதையும் எழுதினேன். தலைவர் ஒரு சொல்லையும் நீக்காமல் வெளியிட்டார். அது குறித்து இதுவரை எவரும் என்னிடம் பேசவில்லை.

இதை வாசிக்கும் அனைவரையும் குன்றுறை பெருமான் காக்கட்டும். உங்கள் இல்லத்தில் அவன் புகழ் ஒலிக்கும்போது படியில் ஒருவரும் குளிரில் அமர்ந்திருக்க வேண்டாதபடி கதவு திறந்திருக்கட்டும். நீங்கள் விடைபெறும் வேளையில், நீங்கள் விரும்பிய குரல் வாயிலில் நின்றுவிடாமல் உங்கள் அருகிலேயே இருக்கட்டும்.